வீட்டுக்குள்ளயே இருக்கிற பூனைக்கு லுக்கேமியா ஊசி எதுக்கு?

கேள்வி:

டாக்டர் வணக்கம். எங்க வீட்டுல மல்லின்னு நாலு வயசு பெண் பூனை இருக்கா. குட்டியா வந்ததுலேருந்து வெளியவே விட்டதில்ல, கருத்தடை ஆபரேஷனும் ஆயிடுச்சு. போன வாரம் ரோட்டோரம் தனியா கத்திக்கிட்டு இருந்த ஒரு குட்டிய என் பொண்ணு தூக்கிட்டு வந்துட்டா, ஒம்பது வாரம் இருக்கும்னு சொன்னாங்க, சுட்டின்னு பேரு வச்சிருக்கோம். காட்டப் போன இடத்துல லுக்கேமியா வைரஸ் டெஸ்ட் எடுக்கணும், அதுக்குன்னு தனியா ஊசி போடணும், மல்லிக்கும் போடுறத பத்தி யோசிங்கன்னு சொல்றாங்க. மல்லிக்கு தான் மூணு நோய்க்கான ஊசியும் ரேபிஸும் தவறாம போடுறோமே, அது போதாதா? இந்த லுக்கேமியா ஊசியே கேன்சர் கட்டிய உண்டாக்கும்னு ஒரு தோழி சொன்னதுலேருந்து தூக்கமே வரல. டெஸ்ட்டெல்லாம் இல்லாம நேரா ஊசிய போட்டுட்டா என்ன? அப்புறம், என் பொண்ணுக்கு இது ஒட்டிக்குமா?

பதில்:

வணக்கம்மா. முதல்ல முடிவ சொல்லிடுறேன், காரணத்த அப்புறம் பாக்கலாம். சுட்டிக்கு டெஸ்ட் எடுங்க, நெகட்டிவ்னா ஊசி கண்டிப்பா போடுங்க. மல்லிக்கும் டெஸ்ட் எடுங்க, ஆனா அவளுக்கு ஊசி வேணுமாங்கிறது சுட்டியோட ரிசல்ட்டையும், இதுக்கப்புறம் உங்க வீட்டுக்கு இன்னும் குட்டிங்க வருமாங்கிறதையும் பொறுத்தது. அதுவரைக்கும் ரெண்டு பேரும் வேற வேற ரூம்ல இருக்கட்டும், தட்டு, தண்ணிக் கிண்ணம், மண் ட்ரே எல்லாம் தனித்தனி. இது மட்டும் இன்னைக்கே பண்ணிடுங்க, மத்தத நிதானமா பேசலாம்.

மூணு நோய்க்கான ஊசி போதாதான்னு கேட்டீங்க. போதாது. அது தடுக்கிறது பூனைக்கு சளி நோய் குடுக்குற ஹெர்பிஸ், கேலிசி வைரஸ், அப்புறம் கடுமையா வாந்தி பேதி குடுக்குற பேன்லுக்கோபீனியா. இந்த கடைசிப் பேரக் கேட்டுட்டு லுக்கேமியாவும் அதுக்குள்ளயே இருக்குன்னு நெனச்சுக்கிறவங்க ரொம்பப் பேர், ஆனா அது வேற வைரஸ், ஒண்ணுக்குப் போட்டது இன்னொண்ணுக்குக் கேக்காது. லுக்கேமியாவையும் சேத்து வர்ற கூட்டு ஊசிகளும் இருக்கு, அதனால மல்லியோட தடுப்பூசி கார்டுல ஒட்டியிருக்கிற லேபிள ஒருதடவ எடுத்துப் பாருங்க, லுக்கேமியா அல்லது எஃப்.ஈ.எல்.வி ன்னு போட்டிருக்கா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சிடும்.

இந்த வைரஸ் ஏன் இவ்ளோ தொல்லைன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சாத்தான் டெஸ்ட் எதுக்கு, ஊசி எதுக்குன்னு எல்லாமே புரியும். 1964ல கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல வில்லியம் ஜாரெட்டும் அவரோட குழுவும் தான் இத முதல்ல கண்டுபிடிச்சாங்க. ஒரே வீட்டுல இருந்த பூனைங்களுக்கு அடுத்தடுத்து லிம்போமாங்கிற கேன்சர் வந்ததப் பாத்துட்டு, இது ஏதோ ஒட்டிக்கிற சமாச்சாரமா இருக்கணும்னு தேடிப் போனப்ப கெடச்சது இது. ரெட்ரோவைரஸ்னு சொல்ற வகை. சளி வைரஸ் மாதிரி வந்துட்டு போற ஆள் கிடையாது, உள்ள நுழைஞ்ச செல்லோட டி.என்.ஏ வுக்குள்ளயே தன்னோட மரபணுவ சேத்து எழுதிடும். குடியிருக்க வந்தவன் வீட்டுப் பத்திரத்துலயே தன் பேரயும் ஏத்திக்கிட்ட மாதிரின்னு வச்சுக்குங்க, அப்புறம் வெளியேத்துறது நடக்காத காரியம். அந்த செல் ரெண்டாப் பிரிஞ்சா ரெண்டுலயும் வைரஸ் இருக்கும். எலும்பு மஜ்ஜை வரைக்கும் போயிடுச்சுன்னா அங்க உற்பத்தியாகுற ரத்த செல்லெல்லாம் வைரஸோட தான் வெளிய வரும். அதனால தான் இதுக்கு முழுசா குணமாக்குற மருந்து இல்ல, உள்ள வர்றதுக்கு முன்னாடி தடுக்கிறது ஒண்ணு தான் வழி.

ஆனா வைரஸ் பட்ட எல்லாப் பூனைக்கும் ஒரே கதி கிடையாது, இதையும் தெரிஞ்சுக்கணும். சில பூனைங்க உடம்பு ஆரம்பத்துலயே அடிச்சு விரட்டிடும். சிலதுல வைரஸ் டி.என்.ஏ ல மட்டும் பதுங்கி இருக்கும், ரத்தத்துல ஓடாது, மத்த பூனைக்கும் சாதாரணமா பரவாது, பல பூனைங்க அப்படியே ஆயுசு முழுக்க நல்லாவே இருந்துடும். மூணாவது வகை தான் கஷ்டம். வைரஸ் நிரந்தரமா ரத்தத்துல ஓடிக்கிட்டே இருக்கும், எச்சில்ல லட்சக்கணக்குல வெளிய வரும், ரத்த சோகை, லிம்போமா, எதிர்ப்பு சக்தி குறைஞ்சு சின்ன சின்ன இன்ஃபெக்‌ஷன் கூட ஆறாம இழுத்துக்கிட்டே போறதுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், இந்த நிலைக்குப் போன பூனைங்கள்ல பெரும்பாலானது கண்டுபிடிச்சு மூணு வருஷத்துக்குள்ள போயிடுது. எந்தப் பூனை எந்தப் பக்கம் போகும்ங்கிறதுல வயசுக்கு பெரிய பங்கு இருக்கு. நாலு மாசத்துக்கு உட்பட்ட குட்டிங்க தான் இந்த மூணாவது வகைல அதிகமா மாட்டும், வளர்ந்த பூனைக்கு இயற்கையாவே கொஞ்சம் தாங்குற சக்தி வந்துடும், ஆனா அது முழுப் பாதுகாப்புன்னு நம்பி விட்டுடக்கூடாது. சுட்டிக்கு வயசு ஒம்பது வாரம், அவன நெனச்சு தான் எனக்கு அவசரமே.

பரவுறது எப்படின்னா, அன்பால தான் பரவுது, சண்டையில மட்டும்னு நெனச்சுக்காதீங்க. ஒண்ண ஒண்ணு நக்கி சுத்தம் பண்றது, ஒரே கிண்ணத்துல மாசக்கணக்குல தின்னுறது குடிக்கிறது, தாய்ப்பால், வயித்துல இருக்கும்போதே தாய்கிட்டேருந்து குட்டிக்கு, அப்புறம் கடி. நல்லா கொழுகொழுன்னு தெம்பா விளையாடுற பூனை கூட வைரஸ பரப்பிக்கிட்டு இருக்கலாம், மாசக்கணக்குல வெளிய ஒரு அறிகுறியும் தெரியாது. ஒரு நல்ல விஷயம், இந்த வைரஸ் வெளிய வந்தா ரொம்ப நேரம் தாங்காது, காஞ்சுபோனா சில மணி நேரத்துல செத்துடும், சாதாரண சோப்புத் தண்ணியே போதும். அதனால சுட்டி படுத்த துணிய எரிக்கணும், வீட்டையே கழுவி விடணும்னெல்லாம் இல்ல. தனி ரூம், தனி கிண்ணம், தூக்கி கொஞ்சின அப்புறம் கை கழுவுறது, இவ்ளோ தான்.

இப்ப டெஸ்ட்டுக்கு வருவோம். டெஸ்ட் இல்லாம ஊசி போட்டா என்ன ஆகும்னா, ஏற்கனவே வைரஸ் உள்ள இருந்தா ஊசி அத விரட்டாது, பூனைக்கு கெடுதலும் பெருசா இல்ல, பிரயோஜனமும் இல்ல. உண்மையான ஆபத்து நம்ம மனசுல தான். ஊசி போட்டாச்சுன்னு நிம்மதியா மல்லியோட சேத்து விட்டுடுவீங்க, சுட்டி அவள நக்கிக்கொடுப்பான், ஒரு வருஷம் கழிச்சு ரத்த சோகையில ஈறு வெளுத்துப்போன ரெண்டு பேரயும் தூக்கிக்கிட்டு என்கிட்ட வருவீங்க. அதனால டெஸ்ட் தான் முதல் படி, இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டெஸ்ட் சின்னது தான், ரெண்டு மூணு சொட்டு ரத்தம், கிட்ல பத்து பதினஞ்சு நிமிஷத்துல ரிசல்ட். அது தேடுறது பி27 ங்கிற வைரஸோட புரதத்த, அதாவது வைரஸோட ஒரு பாகத்தையே. பூனை உடம்பு வைரஸ எதிர்த்து உண்டாக்குற எதிர்ப்பணுவ தேடுற டெஸ்ட் இல்ல இது, அதனால குட்டியா இருந்தாலும் எடுக்கலாம், தாய்கிட்டேருந்து வந்த எதிர்ப்பணு குழப்பாது, பின்னாடி ஊசி போட்டதால பாசிட்டிவ் காட்டுமோன்னும் பயம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு, ஊசியும் டெஸ்ட்டும் ஒரே நாள்னா ரத்தத்த முதல்ல எடுக்கச் சொல்லுங்க, ஊசிய அப்புறம் போடட்டும், ஏன்னா ஊசி போட்ட கையோட ரத்தம் எடுத்தா ஊசியில இருக்கிற புரதமே டெஸ்ட்ல காட்டிடலாம். இன்னொரு குழப்பம் நிறைய வீட்டுல நடக்குது, அதையும் சொல்லிடுறேன். நிறைய கிட்ல எஃப்.ஐ.வி ங்கிற இன்னொரு வைரஸுக்கும் சேத்து பாப்பாங்க, அது எதிர்ப்பணுவ தேடுறது, அதுல குட்டிக்கு பாசிட்டிவ் வந்தா தாயோட எதிர்ப்பணுவா கூட இருக்கலாம், ஆறு மாச வயசு தாண்டினதும் திரும்ப எடுத்துப் பாக்கணும். ரெண்டு கோட்டுல எது எதுக்குன்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

நெகட்டிவ் வந்தா உடனே சேத்து விட்டுடலாமான்னா, அவசரப்படாதீங்க. சுட்டி எங்க பொறந்தான், தாய்க்கு என்ன இருந்துச்சு, எதுவும் நமக்குத் தெரியாது. வைரஸ் உள்ள போயி ரத்தத்துல தெரியறதுக்கு சில வாரம் ஆகும், நேத்து ஒட்டியிருந்தா இன்னைக்கு டெஸ்ட்ல வராது. அதனால உங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து குறைஞ்சது 30 நாள் கழிச்சு, ஆறு வாரம்னா இன்னும் நல்லது, ரெண்டாவது தடவ எடுங்க. அதுவும் நெகட்டிவ்னா கதவ தெறந்து விடலாம். இவ்ளோ நாள் பிரிச்சு வைக்கணுமான்னு உங்க பொண்ணு கேப்பா, எனக்கும் தெரியுது கஷ்டம் தான், ஆனா புதுப் பூனைய பழைய பூனைக்கு மெதுவா அறிமுகம் பண்றதுக்கும் அந்த நாட்கள் உதவும், கதவுக்கு ரெண்டு பக்கமும் வாசனை பழகட்டும்.

பாசிட்டிவ் வந்துட்டா? அன்னைக்கே முடிவு எடுக்காதீங்க, கருணைக்கொலைங்கிற வார்த்தைய அந்த மேசையில யாரையும் பேச விடாதீங்க. ஒரே ஒரு கிட் ரிசல்ட்ட வச்சு ஒரு குட்டியோட தலையெழுத்த எழுதக்கூடாது, நல்லா இருக்கிற பூனைல தவறான பாசிட்டிவ் வர்றதுண்டு. லேப்ல பிசிஆர்ங்கிற, வைரஸோட மரபணுவையே தேடுற டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணணும், சில வாரம் கழிச்சு கிட் டெஸ்ட்டையும் திரும்ப எடுக்கணும், சிலது அதுக்குள்ள வைரஸ அடக்கி நெகட்டிவா மாறிடும். அப்பவும் பாசிட்டிவ்னா வீட்டுக்குள்ளயே வச்சு, கருத்தடை பண்ணி, பச்சைக் கறி கொடுக்காம, ஆறு மாசத்துக்கு ஒருதடவ எடையும் ரத்தமும் பாத்துக்கிட்டு வந்தா நல்ல வருஷங்கள் கிடைக்கும். மல்லிகிட்ட மட்டும் சேக்க வேண்டாம்.

டெஸ்ட் நெகட்டிவ்னு வச்சுக்கிட்டு ஊசிக்கு வர்றேன். முதல் ஊசி எட்டு வாரத்துலேருந்து போடலாம், சுட்டிக்கு வயசு ஆயிடுச்சு. மூணு நாலு வாரம் கழிச்சு ரெண்டாவது. இந்த ரெண்டாவது தான் உயிர்நாடி, ஒண்ணு போட்டுட்டு மறந்துட்டா போட்டதுக்கு அர்த்தமே இல்ல, இடைவெளி ரொம்ப நீண்டுட்டா திரும்ப முதல்லேருந்து ரெண்டு போட வேண்டியிருக்கும். ரெண்டாவது போட்டு ரெண்டு மூணு வாரம் ஆன அப்புறம் தான் பாதுகாப்பு வந்துச்சுன்னு கணக்கு. ஒரு வருஷம் கழிச்சு பூஸ்டர். அதுக்கப்புறம் வெளிய சுத்துற பூனை, பாசிட்டிவ் பூனையோட ஒரே வீட்டுல இருக்கிற பூனைன்னா வருஷா வருஷம், ஆபத்து கம்மியா இருந்தா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒண்ணு, ஆபத்தே இல்லன்னா நிறுத்திடவும் செய்யலாம். அமெரிக்க பூனை மருத்துவர் சங்கம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல ஒரு வயசுக்குள்ள இருக்கிற எல்லாக் குட்டிக்கும் இத அவசியமான ஊசிங்கிற பட்டியல்ல வச்சிருக்காங்க, வீட்டுக்குள்ளயே வளரப்போற குட்டியா இருந்தாலும் சரி. எனக்கு அதுல முழு சம்மதம், ஏன்னா ஒம்பது வாரக் குட்டி வளர்ந்து எப்படிப்பட்ட பூனையா ஆகும், கதவு தெறந்தா ஓடுமா ஓடாதான்னு இப்பவே யாருக்கும் தெரியாது.

ஊசி 100 சதவீதம் காப்பாத்துமா? இல்ல, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. முதல் ஊசி 1985ல அமெரிக்காவுல வந்துச்சு, அதுக்கப்புறம் நிறைய மாறியிருக்கு. நல்ல ஊசிங்க பண்றது என்னன்னா, அந்த மூணாவது வகை, நிரந்தரமா ரத்தத்துல ஓடுற நிலைக்கு பூனை போகாம தடுக்குது. ஊசி போட்ட பூனைக்கு வைரஸ் பட்டா, நுணுக்கமான பிசிஆர்ல டி.என்.ஏ துணுக்கு கொஞ்சம் தெரியலாம், ஆனா நோயும் சாவும் பெரும்பாலும் வர்றதில்ல, நமக்கு வேண்டியது அதானே. காட்டுப் பூனைங்ககிட்டயும் இத பயன்படுத்தியிருக்காங்க. ஃப்ளோரிடா பேந்தர்னு அழிவு விளிம்புல இருக்கிற பெரிய பூனையினத்துக்குள்ள 2000 களோட ஆரம்பத்துல இந்த வைரஸ் பூந்து சிலது செத்துப்போச்சு, 2007ல ஸ்பெயின்ல டோன்யானா பகுதியில ஐபீரியன் லின்க்ஸுக்கும் அதே கதி. ரெண்டு இடத்துலயும் காட்டுல இருக்கிறதப் பிடிச்சு டெஸ்ட் எடுத்து ஊசி போட்டு விட்டாங்க. பாசிட்டிவ பிரிக்கிறதும் ஊசியும் சேந்து தான் வேல செஞ்சது, ஊசி மட்டும் தனியா இல்ல.

இப்ப உங்க தூக்கத்த கெடுத்த விஷயம். உங்க தோழி சொன்னது பொய் இல்ல, ஆனா பாதி தான் சொல்லியிருக்காங்க. ஊசி போட்ட இடத்துல சார்கோமாங்கிற கட்டி வர்றது உண்மையிலேயே உண்டு, 1991ல அமெரிக்காவுல முதல்ல இத கவனிச்சு எழுதினாங்க, அப்ப ரேபிஸ் ஊசியும் லுக்கேமியா ஊசியும் தான் சந்தேகத்துல மாட்டுச்சு. பின்னாடி வேற ஊசிமருந்துங்க போட்ட இடத்துலயும் வந்ததப் பாத்தாங்க. அந்த இடத்துல தோலுக்கடியில நாள்பட்ட அழற்சி இருந்துக்கிட்டே இருந்தா, சில பூனைங்களோட உடம்பு வாகுக்கு அது கேன்சரா மாறுதுன்னு தான் இப்ப புரிதல். ஊசிக்குள்ள லுக்கேமியா வைரஸ் உயிரோட இருந்து அது கேன்சர் குடுக்குதுன்னு நெனச்சுக்காதீங்க, சிலதுல செத்த வைரஸ், சிலதுல வைரஸோட ஒரு புரதம் மட்டும், இன்னொரு வகைல கேனரி பறவையோட அம்மை வைரஸ்ல லுக்கேமியா மரபணுவ ஏத்தி குடுக்குறாங்க, அது பூனை உடம்புல பெருகாது. எதுலேருந்தும் லுக்கேமியா வராது.

எவ்ளோ அபூர்வம்னா, பத்தாயிரம் பூனையில ஒண்ணுங்கிற அளவுல தான் சொல்றாங்க, சில ஆய்வுல அதவிட கம்மி. இன்னொரு பக்கம், வைரஸ் ரத்தத்துல ஓடுற பூனைக்கு லிம்போமா வர்ற வாய்ப்பு வைரஸ் இல்லாத பூனையவிட சுமார் 60 மடங்குன்னு கணக்கு போட்டிருக்காங்க. வைரஸ் படுற வாய்ப்பு இருக்கிற குட்டிக்கு இந்தக் கணக்குல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல. வாய்ப்பே இல்லாத பூனைக்கு வருஷா வருஷம் பழக்கத்துக்காக போட்டுக்கிட்டே இருக்கிறத தான் நான் எதிர்க்கிறேன்.

ஆபத்த இன்னும் குறைக்க சில வேல இருக்கு. அட்ஜுவன்ட்னு சொல்ற தூண்டுபொருள் சேக்காத ஊசி கெடச்சா நான் அதத் தான் தேர்ந்தெடுப்பேன், ஏன்னா அழற்சிய அதிகம் உண்டாக்குறது அது தான். ஊசிய தோள்பட்டைக்கு நடுவுல போட வேண்டாம்னு சொல்லுங்க, லுக்கேமியாவுக்கு இடது பின்னங்கால், முட்டிக்குக் கீழ, ரேபிஸுக்கு வலது பின்னங்கால்ங்கிறது ரொம்ப நாளா இருக்கிற வழக்கம். கேக்க சங்கடமா இருக்கும், ஆனா காரணம் இது தான், அந்தக் கட்டி வேர்விட்டுப் பரவுற ஜாதி, தோள்ல வந்தா முழுசா வெட்டி எடுக்க முடியாது, கால்ல வந்தா கால எடுத்தாவது பூனைய காப்பாத்திடலாம், மூணு காலோட பூனை சந்தோஷமா ஓடும். எந்த ஊசி, எந்தக் கால்னு கார்டுல எழுதி வாங்குங்க. ஊசி போட்ட கொஞ்ச நாள்ல பட்டாணி அளவு வீக்கம் வந்தா பயப்படாதீங்க, அது சகஜம், தானா கரைஞ்சிடும். மூணு மாசம் ஆகியும் இருந்தா, ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இருந்தா, இல்ல ஒரு மாசத்துக்கு அப்புறமும் வளர்ந்துக்கிட்டே இருந்தா, இதுல எது நடந்தாலும் டாக்டர்கிட்ட ஓடுங்க, முழுசா வெட்டி எடுக்குறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு துண்டு எடுத்து பயாப்ஸி பண்ணச் சொல்லுங்க. முதல் ஆபரேஷன் அரைகுறையா போனா அந்தக் கட்டி திரும்பத் திரும்ப வரும்.

போட்ட அன்னைக்கு கொஞ்சம் சோர்வு, லேசா காய்ச்சல், ஒருநாள் சரியா சாப்பிடாம இருக்கிறது சாதாரணம். மூஞ்சி வீங்குறது, வாந்தி, மூச்சு வாங்குறது இருந்தா மட்டும் ஒரு நிமிஷம் கூட காத்திருக்காதீங்க, முதல் அரைமணி நேரம் கிளினிக்லயே உக்காந்துட்டு வாங்க.

மல்லிக்கு வர்றேன். அவளுக்கு குட்டில டெஸ்ட் எடுத்தீங்களான்னு எழுதல, எடுக்கலன்னா இப்ப ஒருதடவ எடுத்துடுங்க, அவ கூட எங்கேயோ பொறந்து வந்தவ தானே. அவ நெகட்டிவ், சுட்டி ரெண்டு தடவயும் நெகட்டிவ், ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள, இதோட சரின்னா மல்லிக்கு லுக்கேமியா ஊசி இல்லாம விடலாம், நான் வற்புறுத்த மாட்டேன். ஆனா உங்க பொண்ணப் பத்தி நீங்க எழுதினத படிச்சா இந்தக் குட்டி கடைசிக் குட்டியா இருக்காதுன்னு தோணுது, மனசு இளகின பொண்ணு, அது நல்ல குணம். அப்படி அடுத்தடுத்து குட்டிங்க வரும்னா, இல்ல ஜன்னல் வலை வழியா தெருப்பூனைங்க மூக்கோட மூக்கு வச்சு பழகுதுன்னா, மல்லிக்கும் இப்பவே ரெண்டு டோஸ் போட்டு வச்சுடுங்க. சுட்டி பாசிட்டிவ்னு உறுதியாச்சுன்னாலும் போடணும், ஆனா அப்ப ஊசிய நம்பி சேத்து விடக்கூடாது, தனி ரூம் தொடரணும், முடியலன்னா பூனையே இல்லாத வீட்டுல சுட்டிக்கு இடம் தேடணும்.

உங்க பொண்ணுக்கு ஒட்டாது. பூனையினத்துக்குள்ள மட்டும் பரவுற வைரஸ் இது, கண்டுபிடிச்ச காலத்துலேருந்து இந்த சந்தேகத்தோட நிறைய தேடிப் பாத்துட்டாங்க, மனுஷங்களுக்கு வந்ததுக்கு ஆதாரம் இல்ல, நாய்க்கும் பரவாது. குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவ ரெண்டு ரூம்லயும் போயி ரெண்டு பேர்கூடவும் விளையாடட்டும், சுட்டி ரூம்லேருந்து வரும்போது கை மட்டும் கழுவிட்டு மல்லிய தொடச் சொல்லுங்க.